காலி நாற்காலிகளுக்கு நான் வாசித்த குறிப்பு

நான் படித்த சட்டக் கல்லூரியில் கொள்கைப் பயிற்சி மையத்தை நடத்துகிற இயக்குநர் பொய் சொல்கிறார்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. இந்தப் பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதுகிற இந்தத் தொடரை அவர் படிக்கிறார். போன வாரம் விடுதியைப் பற்றி நான் எழுதியதற்கு, சாம்பார் அவ்வளவு மோசமில்லை என்று யாரிடமோ சொல்லியிருக்கிறார். எனக்குச் செய்தி வந்தது. ஆகவே இதையும் படிப்பார்.

இந்த வருடம் மையம் ஒரு பளபளப்பான கையேடு அச்சிட்டிருக்கிறது. சட்டம் படிக்கிற பிள்ளைகளை அரசு வேலைக்கும் கொள்கை வகுக்கும் வேலைக்கும் தயார் செய்கிறோம் என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். நாலாம் பக்கத்தில் ஒரு படம். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெண் மைக் முன்னால் நின்று தாளைப் பார்த்து வாசிக்கிறாள். 'கருத்துக்கேட்புக் கூட்டத்தின் குறிப்பைப் பொதுமக்கள் முன்னிலையில் வாசிக்கும் எங்கள் மாணவி' என்று கீழே எழுதியிருக்கிறது.

அந்த மாணவி நான். என் முன்னால் பொதுமக்கள் இல்லை. நாற்காலிகள் இருந்தன. முந்நூறு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள். அவற்றிலும் பாதியை அடுக்கியாகிவிட்டது.

பாய் உட்கார்ந்தார்

சில வருடங்களுக்கு முன்பு, வெயில் காலம். ஆம்பூரிலிருந்து உள்ளே போனால் சின்னக்கல்லேரி என்று ஒரு ஊர். அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் ஷாமியானா போட்டுக் கூட்டம்.

சில தோல் கம்பெனிகள் சேர்ந்து ஒரு கசடுக் கிடங்கு கட்ட அனுமதி கேட்டிருந்தன. தோல் பதனிடுகிற டேனரித் தண்ணீரைச் சுத்தம் செய்தால் கடைசியில் சேறு மாதிரி ஒன்று மிஞ்சும். அதைக் கொட்டி வைக்க இடம் வேண்டும். அந்த மாதிரி இடத்துக்கு அனுமதி கொடுப்பதற்கு முன்னால் ஊர் ஜனங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவர்கள் சொன்னதை எழுத வேண்டும். எழுதியதை அன்றைக்கே, கூட்டம் முடிகிறபோது, அவர்களுக்கே படித்துக் காட்ட வேண்டும். அப்புறம்தான் அதிகாரி கையெழுத்துப் போடலாம். நல்ல சட்டம்தான்.

குறிப்பு எழுத எங்கள் மையத்திலிருந்து நாலு மாணவர்கள் போனோம். அரசு வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் பார்ப்பதுதான் பயிற்சி. நான் கடைசி வருடம். வேகமாக எழுதுவேன், குரலும் கணீரென்று இருக்கும். ஆகவே நோட்டும் என் கையில், மைக்கும் என் கையில்.

பகல் இரண்டு மணி தாண்டிவிட்டது. கடைசி ஆள் பேசி முடித்தார். இயக்குநர் என் காதோரம் குனிந்தார்.

"முதல்ல சாப்பாட்ட அனவுன்ஸ் பண்ணும்மா. அப்புறம் படி."

"சார், படிச்சிட்டு..."

"பாவம், பசியா இருக்காங்க."

'எதிர் மண்டபத்தில் மதிய உணவு தயார்' என்று அறிவித்தேன். என் வாயால்தான் சொன்னேன். அதை மறைக்கப் போவதில்லை.

ஆம்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தம் போட்ட அண்டாவைத் திறந்தால் பிரியாணி வாசனை ரோட்டைத் தாண்டி வரும். ஐந்தே நிமிடத்தில் பந்தல் காலி. மேடையில் இருந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "படிங்க" என்றார்.

படிக்க ஆரம்பித்தேன். பின்வரிசையில் டக், டக் என்று நாற்காலி அடுக்குகிற சத்தம். ஷாமியானாக்காரர் பாஷா பாய். சாயங்காலம் வாணியம்பாடியில் அவருக்குக் கல்யாண ஆர்டர்.

மைக்கிலேயே சொன்னேன். "பாய், கொஞ்சம் நிறுத்துங்க. படிக்கிறேன் இல்ல?"

"யாருக்குமா படிக்கற?"

அவர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். கையில் இருந்த நாற்காலியைக் கீழே போட்டு அதிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"சரி, படி. யாராச்சும் கேக்கணும்ல."

முழுசும் கேட்டார். தோளில் கிடந்த துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

"இன்னாமா, காலைல அந்த ஷூ கம்பெனி அம்மா கெணறுன்னு சொன்னாங்களே, அது வர்ல?"

"வந்திருக்கு பாய். 'குடிநீர் குறித்த பொதுவான அச்சம்'னு படிச்சேனே."

"கெணறு எப்படிமா அச்சத்துல வரும்?"

மேடையில் யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

நான் படித்துக்கொண்டிருக்கும்போது மையத்துக் கேமராவில் படம் எடுத்தார்கள். அன்று சாயங்காலம் அதை முழுசாகப் பார்த்தேன். ஒரு ஓரத்தில் நான். மீதி இடமெல்லாம் நாற்காலி அடுக்கு. நடுவில் பாஷா பாய் ஒருத்தர். கையேட்டில் போடும்போது பாயை வெட்டிவிட்டார்கள்.

சிவப்பு மை

மையத்தில் எங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி எழுதினேன் என்று புரியாது.

இயக்குநர் பெரிய அலுவலகங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். விடுதியில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவார். பாடம் எடுத்தால் யாருக்கும் தூக்கம் வராது.

சனிக்கிழமை தோறும் ஒரு பயிற்சி. பத்துப் பக்கக் கோப்பைக் கொடுப்பார். ஒரே பக்கத்தில் சுருக்க வேண்டும்.

"மேல இருக்கறவங்க ஒரு பக்கத்துக்கு மேல படிக்க மாட்டாங்க. ரெண்டாம் பக்கத்த நீ உனக்காக எழுதிக்கற, அவ்வளவுதான்" என்பார்.

எங்கள் தாளில் சிவப்பு மையால் அடிப்பார். முதலில் அடிபடுவது ஆள் பெயர். அடுத்து ஊர்ப் பெயர். அப்புறம் எண்கள்.

"இதெல்லாம் வக்கீல் நோட்டீஸ்ல எழுது. இது பாலிசி. மேலேர்ந்து பாரு. ஒரு கிழவிக்குப் பென்ஷன் வரலைன்னா அது கேஸ். முதியோர் திட்டத்தில் நடைமுறைச் சிக்கல்கள்னு எழுதினா அது பாலிசி."

வாயைப் பிளந்துகொண்டு கேட்போம். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டுக்கு முதல் பட்டதாரி. கணியம்பாடிப் பக்கம் கழனி வேலைக்குப் போகிறவர் பிள்ளைகள், ஷூ கம்பெனிக்குப் போகிறவர் பிள்ளைகள். பிறந்ததிலிருந்து கீழே இருந்தே பார்த்தவர்களை மேலேர்ந்து பார்க்கச் சொன்னால் கசக்குமா?

'தெரிவிக்கப்பட்டது', 'கோரப்பட்டது', 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று எழுதப் பழகினோம். யார் தெரிவித்தார், யார் கோரினார் என்று போட்டால் மதிப்பெண் குறையும்.

ஆறே மாதத்தில் நான் முதல் ஆள். பன்னிரண்டு பக்கத்தை முக்கால் பக்கத்தில் அடக்கினேன். என் தாளைச் சுவரில் ஒட்டினார்கள். அதைப் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா கம்பெனியில் எல்லாருக்கும் காட்டியிருக்கிறாள்.

எந்தக் கம்பம்?

இங்கே இன்னும் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

நான் எட்டாவது படிக்கும்போது எங்கள் தெருவில் விளக்கு எரியவில்லை. இரண்டாம் ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் இருட்டில் சேற்றை மிதித்துக்கொண்டு வருவார்கள். தெருவிலேயே என் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்பதால் மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. 'எங்கள் பகுதியில் மின்விளக்குகள் சரிவர எரியாததால் பொதுமக்கள் பெரிதும் அவதியுறுகின்றனர்' என்று எழுதினேன். பேப்பரில் பார்த்த வாக்கியம். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அம்மாவும் நானும் மின்வாரிய ஆபீசில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கியவர் ஒரு லைன்மேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"எந்தக் கம்பம்?"

"எங்க தெரு சார்."

"உங்க தெருவுல எத்தினி கம்பம் கீது? நான் ஏணிய எடுத்துனு வந்து 'பெரிதும் அவதி' மேல சாத்தறதா?"

அம்மா சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்குப் போய் ஒவ்வொரு கம்பத்திலும் பெயிண்டில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தேன். எரியாதது மூன்று. மூன்று எண்ணையும் எழுதிக் கொடுத்தோம். இரண்டு நாளில் விளக்கு எரிந்தது.

அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான். பெரிய லட்சியம் என்று எதுவும் இல்லை. ஒரு காகிதத்தில் சரியான எண்ணைப் போட்டால் ஒரு ஆள் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று கண்ணால் பார்த்தேன். அந்தக் காகிதத்தை வாங்குகிற இடத்தில் நான் உட்கார வேண்டும் என்று நினைத்தேன்.

அந்த எண்ணைத்தான் மையத்தில் சிவப்பு மையால் அடித்தார்கள். நானும் அடிக்க விட்டேன்.

மல்லிகா அக்கா பேசியது

சின்னக்கல்லேரிக் கூட்டத்தின் காலைப் பகுதிக்கு வருகிறேன்.

நிறையப் பேர் பேசினார்கள். வேலை கிடைக்கும் என்று சிலர், நாற்றம் ஜாஸ்தியாகும் என்று சிலர். ஒருவர் தன் கட்சித் தலைவரை வாழ்த்திவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா அக்கா அந்த ஊர்க்காரர். என் அம்மா வேலை பார்க்கிற அதே ஷூ கம்பெனியில் தையல் பகுதியில் இருக்கிறார். பத்தாவது வரை படித்தவர். அரை நாள் பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். சேலைக்கு மேல் கம்பெனிக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. மைக் அவருக்கு எட்டவில்லை. நான்தான் இறக்கிக் கொடுத்தேன்.

"எம் பேரு மல்லிகா. கெணத்துத் தெரு. கிடங்குக்குன்னு நீங்க நட்டு வெச்சிக்கீற வெள்ளக் கல்லுலேர்ந்து எங்க கெணத்துக்கு நூத்தி நாப்பது தப்படி. நானே நடந்து எண்ணேன். காலைல ஒருவாட்டி, சாயங்காலம் ஒருவாட்டி. இருவது வூடு அந்தத் தண்ணியத்தான் குடிக்குது."

மேடையில் மாட்டியிருந்த வரைபடத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

"அந்தப் படத்துல எங்க கெணறே இல்ல. தரிசுன்னு போட்டுக்கீறீங்க. மொதல்ல கெணத்த அதுல போடுங்க. அப்பறம் பேசலாம்."

அவ்வளவுதான். அழவில்லை, கத்தவில்லை. இறங்கிப் போய்ப் பஸ்ஸைப் பிடித்து ஷிப்டுக்குப் போய்விட்டார்.

என் நோட்டில் எல்லாம் இருந்தது. பெயர், தெரு, நூற்று நாற்பது, இருபது வீடு, வரைபடத்தில் கிணறு இல்லை.

பன்னிரண்டு மணி சுமாருக்கு குறிப்பெடுக்கிற வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, மேடைக்குப் பின்னால் என் நோட்டையும் லேப்டாப்பையும் வைத்துக்கொண்டு சுருக்க உட்கார்ந்தேன். ஒரு பக்கம்தான். பெயர் போனது. தெரு போனது. எண் போனது. மல்லிகா அக்கா இப்படி ஆனார்:

'குடிநீர் ஆதாரங்கள் பாதிக்கப்படலாம் என்ற பொதுவான அச்சம் சிலரால் தெரிவிக்கப்பட்டது. உரிய பாதுகாப்பு நடவடிக்கைகள் மேற்கொள்ளப்படும் என்று பதிலளிக்கப்பட்டது.'

இயக்குநர் படித்தார். பேனாவின் மூடியைக் கூடத் திறக்கவில்லை. "பர்ஃபெக்ட்" என்றார். எனக்கு அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

யாரும் என்னை மிரட்டவில்லை. எதையும் மறைக்கச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர்கள் என் பக்கமே வரவில்லை. நான் படித்த பாடத்தைச் சரியாகச் செய்தேன். கிணறு காணாமல் போய்விட்டது.

"இது நானா?"

கொஞ்ச நாள் கழித்துக் குறிப்பு வெளியானது. மல்லிகா அக்கா ஒரு கடையில் அதைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, நீதான எனக்கு மைக்க எறக்கிக் குட்த்த?"

"ஆமாக்கா."

"நான் பேசனது இதுல எங்க கீது? ரெண்டு வாட்டி படிச்சிட்டேன். என் கண்ணுக்குத்தான் தெர்லியோ என்னமோ."

அந்த வரியைக் காட்டினேன். விரலை வைத்து நிதானமாகப் படித்தார்.

"இது நானா?"

"சுருக்கி எழுதறதுக்கா. உங்கள மாதிரிப் பேசினவங்கள எல்லாம் சேத்து..."

"சிலரால்னு கீது. யாரு அந்தச் சிலரு? கெணத்தப் பத்தி நான் ஒருத்திதான பேசனேன்?"

அக்கா மறுபடியும் அந்த வரியில் விரலை வைத்தார்.

"அச்சம்னு வேற போட்டுக்கீற. பயமா கீதுன்னு நான் எங்க சொன்னேன்? நூத்தி நாப்பதுன்னுதான சொன்னேன்?"

அம்மா கையைக் கழுவிவிட்டு வந்து தாளை வாங்கிப் பார்த்தாள். அம்மா கட்டிங் பகுதியில் இருக்கிறாள். ஷூவுக்குத் தோல் வெட்டுகிற வேலை.

"தோல்ல ஓட்ட இருந்தா நாங்க சுத்தி வட்டம் போடுவோம்டி. அடுத்தவ கண்ணுக்குத் தெரியணும்னு. நீ ஓட்டைய உள்ள மடிச்சி வெச்சிட்டு மொத்த லாட்டையும் அனுப்பிட்ட. இதுக்கா உன்ன அஞ்சு வருசம் படிக்க வெச்சது?"

"வுடுக்கா, சின்னப் பொண்ணு" என்றார் மல்லிகா அக்கா. என் பக்கம் திரும்பினார். "மாத்த முடியுமா, முடியாதா? அத்த மட்டும் சொல்லு."

இந்தக் காகிதம் மேலே, அனுமதி கொடுக்கிற ஒரு குழுவுக்குப் போகும். அவர்கள் இதை வைத்துத்தான் முடிவு எடுப்பார்கள். அவர்களில் யாரும் சின்னக்கல்லேரிக்கு வந்ததில்லை. வரைபடத்திலும் இல்லை, குறிப்பிலும் இல்லை என்றால், அவர்களைப் பொறுத்தவரை அங்கே கிணறு கிடையாது. இருபது வீட்டுத் தண்ணீர்ப் பானையும் அந்த ஒரு பக்கத்தில் மாட்டிக்கொண்டிருந்தது.

"பாக்கறேன்கா" என்றேன்.

"பாக்கறேன்னு ஆபீசர்ங்கதான் சொல்லுவாங்க" என்றார். போய்விட்டார்.

மூன்று நாள்

மறுநாள் இயக்குநர் அறைக்குப் போனேன். மேசை மேல் ஆற்காடு மக்கன் பேடா டப்பா ஒன்று இருந்தது.

"எடுத்துக்கோம்மா."

எடுத்துக்கொண்டேன். வாயில் போட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன்.

"கையெழுத்தான மினிட்ஸ். அதத் தொடக்கூடாது."

"சார், கெணறு விட்டுப்போச்சு."

"விடல. சுருக்கியிருக்க. ரெண்டும் வேற வேற. அந்தம்மா வேணும்னா தனியா மனு போடட்டுமே."

"போட்டா, கூட்டத்துல ஏன் சொல்லலன்னு கேப்பாங்க சார். அவங்க சொன்னாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். கோபப்படவில்லை. அவர் எப்போதும் கோபப்பட மாட்டார்.

"ஜீவிதா, நீ அரசாங்கத்துக்குள்ள போகணும்னு ஆசைப்படற பொண்ணு. தொட்ட முதல் கோப்புக்கு எதிரா நீயே சாட்சி சொன்னா, எவன் உன்ன நம்பி ரெண்டாவது கோப்பக் கொடுப்பான்?"

சென்னையில் கொள்கை ஆய்வு செய்கிற ஒரு அலுவலகத்தில் வேலைக்கு எனக்கு அவர் பரிந்துரைக் கடிதம் எழுதுவதாக இருந்தார். அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தேவையும் இல்லை.

மூன்று நாள் நான் எதுவும் செய்யவில்லை. சாப்பிட்டேன், தூங்கினேன், வகுப்புக்குப் போனேன். நியாயம் என்று தெரிந்ததும் துள்ளி எழுந்தேன் என்று எழுதினால் அது கையேட்டில் அந்தப் படத்துக்குக் கீழே இருக்கிற வரி மாதிரி ஆகிவிடும்.

நாலாம் நாள் காட்பாடியில் ரயில் ஏறி ஆம்பூரில் இறங்கி, பஸ் பிடித்துச் சின்னக்கல்லேரிக்குப் போனேன். வெள்ளைக் கல்லைத் தேடிக் கண்டுபிடித்தேன். அதில் காலை ஒட்டி வைத்து நடந்தேன். வேலிக்காத்தான் முள் துப்பட்டாவை இழுத்தது. எண்ணிக்கொண்டே போனேன். என் காலுக்கு நூற்று இருபத்தெட்டு. நான் அக்காவை விட உயரம்.

கிணற்றடியில் இரண்டு பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டு வருவதை ஒருத்தி பார்த்தாள்.

"நீயும் எண்றியா? மல்லிகாக்கு வந்த வியாதி உனக்கும் வந்துடுச்சா?"

அவர்கள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். உப்பு இல்லை. டேனரிகள் இருக்கிற எங்கள் பக்கத்தில் அது பெரிய விஷயம்.

திரும்பி வந்து எழுத உட்கார்ந்தேன். கூட்டத்தில் மல்லிகா என்பவர் என்ன சொன்னார், என் நோட்டில் என்ன இருக்கிறது, குறிப்பில் நான் எதை விட்டேன், யார் சொல்லிச் சாப்பாட்டை முன்னால் அறிவித்தேன், யார் முன்னால் படித்தேன் என்று எல்லாவற்றையும் அபிடவிட்டாக எழுதினேன். மூன்று பக்கம் வந்தது. ஒன்றையும் சுருக்கவில்லை.

சாட்சியாகப் பாஷா பாயின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அவர் குடோனுக்குப் போனேன்.

"நான் எதுக்குமா?"

"நான் படிச்சப்ப கேட்டது நீங்க ஒருத்தர்தான் பாய். பொதுமக்கள்ல வேற யாரும் இல்ல."

"அப்ப நான்தான் பொதுமக்களா?" உள்ளே திரும்பி மனைவியிடம் சத்தமாகச் சொன்னார். "கேட்டியா? நான் பொதுமக்களாம்!"

"வூட்ல வந்து பைப்ப ரிப்பேர் பண்ணச் சொல்லு பொதுமக்கள" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

பாய் தாளைத் திருப்பிப் பார்த்தார். "கோர்ட்டுக்குக் கூப்டுவாங்களா?"

"தெரியல பாய். கூப்பிடலாம்."

"முகூர்த்த நாளா இருந்தா வர மாட்டேன். அத்தயும் எழுதிக்கோ. அப்பறம் பேஜார் ஆய்டும்."

உருதுவில் ஒன்று, தமிழில் ஒன்று என்று இரண்டு கையெழுத்துப் போட்டார்.

மல்லிகா அக்காவின் மனு, என் நோட்டுப் பக்கங்களின் நகல், என் அபிடவிட், பாயின் கையெழுத்து. கூட்டத்தில் அதிகாரிகள் எடுத்த வீடியோவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி. எல்லாவற்றையும் அந்தக் குழுவின் முகவரிக்கு ஒப்புகைச் சீட்டோடு தபாலில் அனுப்பினோம்.

டேப்போடு வந்தவர்கள்

மழை ஆரம்பித்த பிறகு ஒரு நாள், அந்தக் குழு அனுப்பிய இரண்டு பேர் அளக்கிற டேப்போடு சின்னக்கல்லேரிக்கு வந்தார்கள். மல்லிகா அக்கா மறுபடியும் அரை நாள் பர்மிஷன் போட்டார். அன்று அவரே எனக்குப் போன் செய்தார்.

"வெள்ளக் கல்லுலேர்ந்து டேப்ப இழுத்தானுங்க பாப்பா. ஒருத்தன் கெணத்துல எட்டிப் பாத்துட்டு, 'நெசமாவே தண்ணி கீது'ன்றான். நான் இன்னா, இல்லாத கெணத்துக்கா மைக்ல பேசனேன்?"

வேறு வரைபடம் கொண்டு வாருங்கள் என்று கம்பெனிகளுக்குச் சொல்லிவிட்டார்கள். புது வரைபடத்தில் கெணத்துத் தெருவுக்கு மேலே ஒரு சின்ன நீல வட்டம் இருக்கிறது. அதை நான் பார்த்தேன்.

கிடங்கு இன்னும் கட்டவில்லை. கட்டவே மாட்டார்கள் என்றும் சொல்ல மாட்டேன். கசடை எங்கேயாவது கொட்டித்தான் ஆக வேண்டும். என் படிப்புக்கு வந்த பணமும் மல்லிகா அக்கா வீட்டு அரிசியும் தோலிலிருந்து வந்ததுதான். எங்கே கொட்டுவது என்று முடிவு செய்கிறவர்களுக்குக் கிணறு தெரிய வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

பரிந்துரைக் கடிதம் வரவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. இப்போது வேலூரில் ஒரு வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். அரசுப் பணித் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன், மூன்றாவது முறையும் எழுதுவேன். காகிதத்தை வாங்குகிற அந்த நாற்காலி எனக்கு இன்னும் வேண்டும்.

இதை இதோடு விட்டிருப்பேன். மூன்று நாள் சும்மா இருந்தவள் நான். இயக்குநரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு வாய் கூசும்.

"எந்தக் கெணறு?"

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். பெயர் நிவேதா. கணியம்பாடிப் பக்கத்துப் பெண், மையத்தில் இப்போது படிக்கிறாள். அவள்தான் கையேட்டைப் பற்றியும் சொன்னாள்.

"அக்கா, உங்க சுருக்கம்தான்க்கா எங்களுக்கு மாடல். சார் ஸ்கிரீன்ல போட்டுக் காட்டினாரு. ஒரு கூட்டத்தையே ஒரு பக்கத்துல எப்படி அடக்கிருக்கா பாருங்கன்னாரு. நாங்க எல்லாம் அதப் பாத்துத்தான் பழகறோம். நீங்க எப்படிக்கா எழுதினீங்க?"



"அதுல கெணறு இருந்துச்சா நிவேதா?"

"எந்தக் கெணறு அக்கா?"

இயக்குநர் சார், இனி உங்களிடம்தான் பேசுகிறேன்.

அந்த ஒரு பக்கம் தப்பு என்று உங்களுக்குத் தெரியும். என் அபிடவிட்டின் நகலை உங்கள் மேசையில் நானே வைத்தேன். டேப் பிடித்து அளந்ததும் வரைபடம் மாறியதும் உங்களுக்குத் தெரியும். தெரிந்தே அந்தப் பக்கத்தை நிவேதாவின் வகுப்புக்கு மாடல் என்று காட்டுகிறீர்கள். அவர்கள் நாளைக்கு அரசாங்க மேசைகளில் போய் உட்காரப் போகிறவர்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிவப்புப் பேனாவைக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.

கையேட்டில் அந்தப் படத்தை வெட்டாமல் முழுசாகப் போடுங்கள். அடுக்கின நாற்காலியும் பாஷா பாயும் தெரிய வேண்டும். சாப்பாட்டை முன்னால் அறிவிக்கச் சொன்னது நீங்களா இல்லையா என்று சொல்லுங்கள். நான் சொல்வது பொய் என்றால் பொய் என்று எழுதுங்கள். நிவேதாவின் வகுப்பில் அதே ஸ்கிரீனில் என் பக்கத்தையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, எது அரசுக்குப் போக வேண்டிய காகிதம் என்று அவர்கள் முன்னால் சொல்லுங்கள்.

தனியாகப் போன் செய்ய வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லாரும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள். ஒரு பக்கத்தில் அடக்க வேண்டாம். மல்லிகா என்று பெயர் போடுங்கள். சின்னக்கல்லேரி, கெணத்துத் தெரு என்று ஊர் போடுங்கள். நூற்று நாற்பது தப்படி என்று எண் போடுங்கள். போட்டுவிட்டுக் கீழே உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.